மீதி முப்பத்தாறு

தாமோதரன் ஒரு பெண்ணுக்கு நூற்றுக்கு அறுபத்து நாலு மார்க் போட்டுவிட்டான் என்ற செய்தி, மறுநாள் காலை பிரேயர் மணி அடிப்பதற்குள் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது. ஒன்பது மணிக்கெல்லாம் உத்திரமேரூர் பஸ் நிலையத்து டீக்கடைக்கும் போய்ச் சேர்ந்தது.

இதில் செய்தி என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். தாமோதரன் அந்த உயர்நிலைப் பள்ளியின் வரலாற்று ஆசிரியன். ஆறு வருஷமாக அவன் கையால் யாரும் ஐம்பத்தைந்தைத் தாண்டியதில்லை. ஐம்பத்தைந்து வாங்கியவனும் ஒருவன்தான். அந்த விடைத்தாளை வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறார்கள் என்று பேச்சு. தாமோதரனுக்கு யார்மேலும் கோபம் கிடையாது. எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும், இதைவிட நன்றாக எழுத முடியும் என்று அவனுக்குத் தோன்றும். தோன்றிய அளவுக்குக் குறைப்பான். அவனே பி.ஏ.யில் அறுபத்தொன்று வாங்கியவன். முதல் வகுப்பு. அந்த வருஷம் அவன் கல்லூரியில் வரலாற்றில் முதல் வகுப்பு வாங்கியது அவன் ஒருவன்தான். அறுபத்து நாலு என்பது அவனைவிட மூன்று மார்க் அதிகம். அதை யோசித்துத்தான் போட்டான்.

அவனுக்கு வயது இருபத்தொன்பது. மனைவி மலர்க்கொடி இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மார்க் வாங்கியவள் இருபத்தொரு வயது அமெரிக்கப் பெண். இந்த மூன்று விவரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஊருக்கு வேறு என்ன வேண்டும்?

அவள் பெயர் கேரல். ஊரில் யார் வாயிலும் அது நிற்கவில்லை. ஒரே வாரத்தில் 'கேரளாம்மா' ஆகிவிட்டாள். மலையாளத்துப் பொண்ணு இவ்வளவு சிவப்பா என்று சந்தைக்கு வந்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள்.

அமெரிக்காவில் ஒரு கல்லூரி, வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து பேரைத் தமிழ்நாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அவர்கள் சென்னையில் ஆறு மாதம் தமிழும் மற்றதும் படிப்பார்கள். பிறகு மூன்று மாதம் ஆளுக்கொரு ஊரில் தங்கி, ஏதாவது ஒன்றை ஆராய்ந்து எழுத வேண்டும். உள்ளூர்ப் பட்டதாரி ஒருவர் வழிகாட்டியாக இருந்து, கடைசியில் மார்க் போட்டுக் கையெழுத்திட வேண்டும். அந்த மார்க் 'கிரெடிட்' ஆகும். இத்தனை கிரெடிட் சேர்ந்தால்தான் பட்டம். கேரல் அந்தக் கல்லூரிப் பெண்கூட இல்லை. வேறொரு சின்னக் கல்லூரியிலிருந்து இதற்கென்று வந்து சேர்ந்தவள். இங்கே வாங்கும் கிரெடிட்டைத் தன் கல்லூரிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

இதையெல்லாம் தாமோதரன் விளக்கியபோது, தலைமையாசிரியர் வேதகிரியின் காதில் 'டிரான்ஸ்ஃபர்' என்ற சொல் ஒன்றுதான் விழுந்தது.

"டி.சி.யா? வருஷத்து நடுவுல டி.சி. குடுக்கணும்னா டி.இ.ஓ. ஆபீஸைக் கேக்கணுமேய்யா."

"டி.சி. இல்ல சார். படிச்ச படிப்பை மட்டும் எடுத்துக்கினு போறது."

"படிப்பை எடுத்துக்கினு போய்ட்டா அப்புறம் இங்க இன்னா மீதி கீது?"

தாமோதரன் வகுப்புக்குக் கிளம்பிவிட்டான். ஒரு வருஷமாகவே அவன் பதில் சொல்வதைக் குறைத்திருந்தான்.

வழிகாட்டியாக அவனைத் தேர்ந்தெடுத்ததில் விசேஷம் ஒன்றும் இல்லை. ஆங்கிலம் பேசக்கூடிய பட்டதாரிகள் ஊரில் நாலு பேர். சென்னையிலிருந்து இதை ஏற்பாடு செய்ய வந்தவர்கள் நாலு பேரையும் கேட்டார்கள். மூன்று பேர் வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். கேட்க ஆளில்லாதவன் தாமோதரன் ஒருவன்தான்.

கேரல், கம்பவுண்டர் ஏசுதாஸ் வீட்டு மாடி அறையில் தங்கினாள். பெரிய ஏரியின் தண்ணீர் வயல்களுக்கு எப்படிப் பங்காகிறது என்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட விஷயம். மூன்று மாதமும் நீர்கட்டி பச்சமுத்துவின் பின்னால் வரப்பு வரப்பாக நடந்தாள். மடையைத் திறந்து, யார் வயலுக்கு எவ்வளவு நேரம் என்று முறைப்படி தண்ணீர் விடுகிறவர்தான் நீர்கட்டி. பச்சமுத்துவுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. நிலம் வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் தண்ணீர் அவர் கையிலிருந்துதான் போயிற்று. அவரிடம் கடிகாரமும் கிடையாது. தன் நிழலைத் தன் காலடியால் அளந்து முறை மாற்றுவார். கேரல் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு மூன்று வாரம் அவரைச் சோதித்தாள். எந்த முறையிலும் வித்தியாசம் நாலு நிமிஷத்துக்கு மேல் போகவில்லை.

அவள் அறிக்கை நூற்றுப் பன்னிரண்டு பக்கம். காஞ்சிபுரத்துக்கு பஸ்ஸில் போய் டைப் அடித்துக்கொண்டு வந்தாள். தாமோதரன் நாலு நாள் எடுத்துப் படித்தான். இப்படி ஒன்றை அவன் படித்ததே இல்லை. அந்த நாலு நிமிஷம் வந்த இடத்தில் மட்டும் பென்சிலால் ஒரு கோடு போட்டு, ஓரத்தில் 'நாலு நிமிஷம் ஏன்?' என்று எழுதி, இரண்டு மார்க் குறைத்தான். மற்ற இடங்களிலும் இப்படியே ஒன்றும் இரண்டுமாகக் குறைந்தது. மீந்தது அறுபத்து நாலு. மார்க் தாளை உறையில் போட்டு ஒட்டி, அமெரிக்காவுக்கு ஏர் மெயிலில் அனுப்பிவிட்டான்.

ஆசிரியர்கள் அறையில் டிரில் மாஸ்டர் சேட்டு காத்திருந்தார்.

"இன்னா வாத்தியாரே, ஏரியையே தொறந்து உட்டுட்ட போலக்குது? அறுபத்து நாலாமே!"

"நல்லா எழுதிக்கீது."

"நம்ம பசங்க எழுதனா முப்பத்தெட்டு. செவப்பா கீறவங்க எழுதனா அறுபத்து நாலா? இன்னும் கொஞ்சம் சிரிச்சிருந்தா எழுபது போட்டிருப்பே."

எல்லோரும் சிரித்தார்கள். தாமோதரன் ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

வேதகிரி அவனைத் தனியாகக் கூப்பிட்டார். "யாருன்னா கேட்டா நான் இன்னா சொல்றது? ஒரு அம்பத்தெட்டுன்னு போட்டிருக்கலாம் இல்ல? நீங்க தனி ஆளு வேற."

"அனுப்பியாச்சு சார்."

கேரலிடம் அவனே போய்ச் சொன்னான். "அறுபத்து நாலு. முதல் வகுப்பு." அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. பிறகு "நன்றி சார்" என்றாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டான்.

ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி அமெரிக்காவிலிருந்து கடிதம் வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேரல் ஏசுதாஸின் சைக்கிளை மிதித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். தாமோதரன் காலி வகுப்பில் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருந்தான்.

"சார், மிகவும் பேஜார் ஆயிடுச்சி." அவள் தமிழில் பாதி சென்னை வகுப்பில் கற்றது, பாதி பச்சமுத்துவிடம் கற்றது. "அறுபத்து நாலு எங்க நாட்டில டி கீது."

"டி-ன்னா?"

அவள் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் எழுதினாள். தொண்ணூறுக்கு மேல் ஏ. எண்பதுக்கு மேல் பி. எழுபதுக்கு மேல் சி. அறுபதுக்கு மேல் டி.

"அறுபதுக்குக் கீழே?"

"எஃப், சார். ஃபெயில்."

தாமோதரன் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஆறு வருஷத்தில் அவன் கையெழுத்துப் போட்டுத் தேறவைத்த அத்தனை பேரும் அமெரிக்காவில் ஃபெயில். சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்த ஐம்பத்தைந்தும் ஃபெயில். அவன் ஒரே ஒரு மார்க்கில் தப்பித்திருந்தான்.

"டி வாங்கினா பாஸ்தானே?"

"பாஸ்தான். ஆனா வேற காலேஜுக்குப் போகாது. சி-க்குக் கீழே இருந்தா எங்க காலேஜ் எடுத்துக்கொள்ளாது. பன்னிரண்டு கிரெடிட்டும் போச்சு. ஸ்காலர்ஷிப்பும் போச்சு. பட்டம் கிடையாது." அவள் சாக்பீஸைப் பலகையின் அடிச்சட்டத்தில் வைத்தாள். "எங்க அப்பா பால் லாரி ஓட்டறார், சார். இன்னொரு வருஷம் படிக்க வைக்க அவரால முடியாது."

"மார்க் சொன்னப்பவே ஏன் சொல்லல?"

"அங்க ஆபீஸ்ல மாத்திக்குவாங்கன்னு நெனச்சேன். அவங்க நம்பரைப் பாத்து அப்படியே டி போட்டுட்டாங்க." கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினாள். "உங்களைத் தப்பு சொல்லலை, சார். நான் மோசமா எழுதினேனா?"

"இல்ல. நல்லா எழுதியிருந்தே."

"எவ்வளவு நல்லா?"

அவனிடம் இருந்த பதில் அறுபத்து நாலுதான்.

கடிதத்தோடு ஒரு படிவம் வந்திருந்தது. மதிப்பெண்ணை மாற்ற விரும்பினால் ஆசிரியர் அதை நிரப்பி, நிறுவனத்தின் முத்திரையோடு ஏப்ரல் முப்பதுக்குள் கிடைக்கும்படி அனுப்ப வேண்டும். பழைய மதிப்பெண், புதிய மதிப்பெண், மாற்றத்துக்கான காரணம். காரணத்துக்கு நாலு கட்டம். ஒன்று, கிளெரிக்கல் எரர். இரண்டு, கூட்டலில் பிழை. மூன்று, மாணவர் பிறகு கூடுதலாக எழுதிக் கொடுத்தது. நாலு, மற்றவை.

வேதகிரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"இதுல இன்னா கஷ்டம்? ஒண்ணாம் நம்பர்ல ஒரு டிக் போடுங்க. கிளெரிக்கல் எரர். ஒரு எழுபத்தொண்ணு போடுங்க. சீல் அடிச்சித் தரேன். ஊரு வாயும் அடங்கும், அந்தப் பொண்ணும் போய்ச் சேரும்."

மூலையில் சம்பளப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா சுப்பிரமணி பேனாவைக் கீழே வைத்தார்.

"சார், அது இன்னா சார் கிளெர்க் எரரு? அந்தப் பேப்பரை நான் கண்ணால பாத்தேனா?"

"யோவ், உன்னை யாருய்யா சொன்னா?"

"கிளெரிக்கல்னா கிளெர்க்கு பண்ணதுதானே சார். இந்த ஸ்கூல்ல கிளெர்க்கு நான் ஒருத்தன்தான் கீறேன். பணிப் பதிவேட்டுல ஏறிச்சின்னா இன்கிரிமென்ட்டை நிறுத்திடுவாங்க."

"அமெரிக்காவுல எழுதறது உன் பதிவேட்டுல எப்பிடிய்யா ஏறும்?"

"காயிதம் எங்கெங்க போவும்னு யாருக்குத் தெரியும் சார்? நம்ம சீலைத்தானே அடிக்கறீங்க. பதினோரு வருஷ சர்வீசு. ஒரு மெமோ வாங்கனது இல்ல. கடைசியில வெள்ளைக்காரன்கிட்ட வாங்கணுமா?"

வேதகிரி கையெடுத்துக் கும்பிட்டார். "சரிய்யா. ஒண்ணு வாணாம். மூணுல போடுங்க. அந்தப் பொண்ணை இன்னொரு பத்துப் பக்கம் எழுதச் சொல்லுங்க."

"எழுதாதத எழுதனதா எப்படி சார் சொல்றது? எல்லாத்தையும் அது அப்பவே எழுதிடுச்சி."

"கூட்டல்?"

"கூட்டல் சரியாத்தான் கீது."

"அப்ப இன்னாதான்யா சொல்ல வரீங்க? அறுபத்து நாலு சரியா, தப்பா?"

"தெரியல சார்."

"போட்டது நீங்கதானே!"

தாமோதரன் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

அவன் வீட்டுக்குப் போகும் வழி ஏரிக்கரை. அறுவடை முடிந்திருந்தது. வயல்களில் அறுத்த நெல்தாள் மட்டும் நின்றது. மடைக்குப் பக்கத்தில் பச்சமுத்து மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரே, கேரளாம்மா கண்ணைத் தொடச்சிக்கினே சைக்கிள்ல போச்சே. இன்னாத்த பண்ணீங்க?"

"மார்க் பத்தல."

"எத்தினி குடுத்தீங்க?"

"அறுபத்து நாலு."

"எத்தினிக்கு?"

"நூறுக்கு."

பச்சமுத்து மனதுக்குள் கணக்குப் போட்டார். "அப்ப மீதி முப்பத்தாறு?"

"இன்னா மீதி?"

"உங்க கையில நூறு குடுத்தாங்க. அதுல அறுபத்து நாலுதான் உட்டீங்க. மீதி முப்பத்தாறு யாருக்கு எடுத்து வச்சிக்கினு கீறீங்க? வேற வயலு ஏதுனா கீதா?"

"அப்பிடி இல்ல பச்சமுத்து. தப்புக்குக் கழிக்கறது அது."

"அது இன்னா தப்பு பண்ணிச்சி?"

தாமோதரனுக்குச் சட்டென்று நினைவு வந்தது ஒன்றுதான். "உன் முறையில நாலு நிமிசம் வித்தியாசம் வந்துது. அது ஏன்னு எழுதாம உட்டுடுச்சி."

பச்சமுத்து வாய்விட்டுச் சிரித்தார். "அது நான் பீடி பத்த வச்ச நேரம் வாத்தியாரே! அத்த எழுதிக்கினு வந்து படிச்சிக் காட்டிச்சி. வாணாம்மா, மிராசுதாரங்க பாத்தா நம்ம தண்ணியில பீடி குடிச்சானான்னு கேப்பாங்கன்னு நான்தான் அடிக்கச் சொன்னேன். எனுக்கோசரம் உட்டுடுச்சி. அதுக்கா கழிச்சீங்க?"

தாமோதரன் ஏரியைப் பார்த்தான். தண்ணீர் நடுவில் போய் ஒடுங்கியிருந்தது.

"அறுப்பு ஆனப்புறம் ஏரியில தண்ணிய நிறுத்தி வச்சா யாருக்கு? மீனுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, பச்சமுத்து மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

வீட்டில் தாமோதரன் காலையில் வடித்த சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தான். வெளிச்சம் இன்னும் இருந்தது.

மலர்க்கொடி பத்தாவது வரை படித்தவள். கல்யாணமான முதல் மாதமே அவன் மார்க் போடும் லட்சணம் அவள் காதுக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து அவன் சாப்பிட உட்கார்ந்ததும் எதிரில் வந்து நிற்பாள். "சார், இன்னிக்கு எத்தினி மார்க்கு?" அவனும் வாயில் போட்டு, யோசித்துச் சொல்வான். நாற்பத்திரண்டு. நாற்பத்தேழு. "பாஸா?" என்பாள். "பாஸ்தான்" என்பான். ரசம் ஒருநாள் முப்பத்து நாலு வாங்கியது. ஒரு மார்க்கில் போயிற்றே என்று பக்கத்து வீடு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஒரு கோடையில் ஏரி வற்றியபோது விரால் மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். அவன் மூன்று முறை போட்டுக்கொண்டான். ஐம்பத்தெட்டு என்றான்.

"இன்னும் ரெண்டு போட்டா ஃபஸ்ட் கிளாசாமே. போட்டா கை தேஞ்சிடுமா?"

"அடுத்த தடவை பாக்கலாம்."

"இதுல இன்னா கொறை? சொல்லுங்க."

குறை ஒன்றும் இல்லை. அதை அவன் சொல்லவில்லை. அறுபதைக் கொடுத்துவிட்டால் அப்புறம் எதை வைத்துக் கொடுப்பது என்று நினைத்தான். நினைத்து, கையைக் கழுவிக்கொண்டான். அடுத்த கோடை வருவதற்குள் மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரியில் எட்டு நாள். ஏரி அந்த வருஷமும் வற்றியது. மீனும் வந்தது.

தாமோதரன் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படிவத்தை எடுத்தான். முதலில் பென்சிலால் எழுபத்தொன்று என்று எழுதினான். எழுபத்தொன்று போதும். சி வரும். கிரெடிட் மாறும். பிறகு அழித்துவிட்டு, பேனாவைத் திறந்து நூறு என்று எழுதினான். அந்த எண்ணை அவன் மார்க்காக எழுதியதே கிடையாது. கட்டத்தில் இடம் போதாமல் கடைசிப் பூஜ்யம் கோட்டுக்கு வெளியே போய்விட்டது.

காரணத்துக்கு நாலாவது கட்டத்தில் டிக் செய்தான். பக்கத்தில் இருந்த கோட்டில் ஆங்கிலத்தில் எழுதினான்: 'அடுத்த தடவை கொடுப்பதற்காக ஆசிரியர் மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டார். அடுத்த தடவை ஒன்று இருக்கும் என்று நினைத்தது ஆசிரியரின் பிழை.'

மறுநாள் வேதகிரி அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் காட்டி வெளிச்சத்தில் இன்னொரு முறை பார்த்தார்.

"நூறா?"

"ஆமா சார்."

"எழுபத்தொண்ணு போதும்னு சொன்னேனே."

"போதும்தான் சார்."

"அது இன்னா, 'அடுத்த தடவை'? அந்தப் பொண்ணு திரும்பி வருதா?"

"இல்ல சார்."

வேதகிரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். மேலே கேட்டால் இன்னும் என்னென்ன வெளியே வருமோ என்று பயந்தாரோ என்னவோ, கையெழுத்துப் போட்டுவிட்டார். சுப்பிரமணி படிவத்தை வாங்கி, முதல் கட்டத்தில் டிக் இல்லை என்பதை விரலை வைத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டு, முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

தபாலாபீஸில் கேரல் நின்றுகொண்டிருந்தாள். உறையை ஒட்டுவதற்கு முன் தாமோதரன் படிவத்தை அவளிடம் கொடுத்தான். எண்ணைப் பார்த்தாள். அவள் காதெல்லாம் சிவந்துவிட்டது.

"சார், இது ரொம்ப ஜாஸ்தி கீது."

"பச்சமுத்து பீடி விசயத்தைச் சொல்லிட்டாரு."

அவள் சிரித்தாள். பிறகு கீழே எழுதியிருந்ததைப் படித்தாள். சிரிப்பு மெதுவாக நின்றது. இன்னொரு முறை படித்தாள்.

"இது என்னைப் பத்தியா, சார்?"

"தபால் கட்டு கட்டற நேரம் ஆச்சு" என்றான் தாமோதரன். உறையை ஒட்டி ரிஜிஸ்டர் தபாலில் சேர்த்தான்.

ஊர் தன் பங்கைச் செய்தது. அறுபத்து நாலுக்கே ஒரு மாதம் பேசியவர்கள் நூறைக் கேட்டுப் பேச்சற்றுப் போனார்கள். இது மார்க்காக இருக்காது, அமெரிக்காவில் ஏதோ வேலைக்கு நம்பர் என்று டீக்கடையில் முடிவாயிற்று. சேட்டு மட்டும் நாலு நாள் அவனைக் கண்டால் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். மாதக் கடைசியில் கேரல் சென்னைக்குப் போய், அங்கிருந்து விமானம் ஏறினாள்.

மே மாதம் நடுவில் தலைமையாசிரியர் பெயருக்குக் கடிதம் வந்தது. பள்ளிக்கூடம் விடுமுறை. ஆபீஸ் மட்டும் திறந்திருந்தது. வேதகிரி ஆள் விட்டுத் தாமோதரனைக் கூப்பிட்டனுப்பி, கடிதத்தை உரக்கப் படித்தார். மதிப்பெண் மாற்றம் ஏற்கப்பட்டது. மாணவிக்கு 'ஏ'. பன்னிரண்டு கிரெடிட்டும் அவள் கல்லூரிக்கு மாற்றப்பட்டுவிட்டன. இந்த ஜூனில் பட்டம் பெறுவாள்.

"முடிஞ்சுது போங்க" என்றார் வேதகிரி.

கடைசியில் இன்னும் இரண்டு வரி இருந்தன. அதையும் படித்தார். 'மற்றவை' என்ற தலைப்பில் ஆசிரியர் எழுதிய காரணம் குழுவுக்கு விளங்கவில்லை. அங்கீகரிக்கப்பட்ட காரணங்களில் அது வராததால், 'கிளெரிக்கல் எரர்' என்று பதிவு செய்துகொண்டுள்ளோம்.

"சார்!" என்று மூலையிலிருந்து சத்தம் வந்தது.

"நீ சும்மா இருய்யா" என்றார் வேதகிரி. "அவனுங்களும் அதையேதான் சொல்றானுங்க பாத்தீங்களா தாமோதரன்? நான் மொதல்லயே சொன்னேன்."

"ஆமா சார்."

சுப்பிரமணி எழுந்து வந்துவிட்டார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. "தாமோதரன் சார், நீங்களே சொல்லுங்க, இது நியாயமா? நான் இன்னா பண்ணேன்? அமெரிக்காவுல என் பேரு கெட்டுப் போச்சே. நீங்க ஒரு காயிதம் எழுதிப் போடுங்க சார். தப்பு கிளெர்க்கு மேல இல்லன்னு. உங்களுக்குப் புண்ணியமா போவும்."

"எழுதலாம்" என்றான் தாமோதரன்.

சுப்பிரமணி அவனுக்கு நாற்காலி போட்டு, இரண்டு தாளுக்கு நடுவில் கார்பன் வைத்துக் கொடுத்தார். நீளமாக எழுதுவான் என்று எதிர்பார்த்துப் பக்கத்திலேயே நின்றார். தாமோதரன் தேதி போட்டான். விலாசம் எழுதினான். அதன் கீழே ஒரே வரி: 'பிழை குமாஸ்தாவுடையது அல்ல, என்னுடையது.'

"இது போதுமா சார்?" என்று கேட்டார் சுப்பிரமணி.

"போதும்."

சுப்பிரமணி மேல் தாளை அன்றைக்கே தபாலில் சேர்த்தார். கார்பன் நகலைத் தன் பணிப் பதிவேட்டில் அந்த வருஷத்துப் பக்கத்தோடு சேர்த்து, கழன்று விழாமல் இரண்டு குண்டூசி குத்தி வைத்தார். அமெரிக்காவிலிருந்து பதில் ஒன்றும் வரவில்லை.